நாலு நாற்காலி, ஒரு சூப்பு

மணி பத்தாக இன்னும் இரண்டு நிமிஷம் இருந்தது. மேனேஜர் 'ரிசர்வ்டு' பலகையை ஜன்னல் ஓர மேசையின் நட்டநடுவில் வைத்தார். கோணலாக இருக்கிறதோ என்று குனிந்து பார்த்து நேராக்கினார். பிறகு பார் கவுண்டருக்குப் பின்னால் போய், கண்ணாடிக் கோப்பைகளைத் துடைக்கிறவர் போல நின்றுகொண்டார்.

பத்தடித்தது. ஜன்னல்காரர் வந்தார்.

அவரைக் கடையில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை, பூசினாற்போல உடம்பு. தினமும் பத்து மணிக்கு வருவார். ஜன்னல் ஓர மேசையில் தெருவைப் பார்த்து உட்காருவார். ஒரு சூப்பு வரும். அதை மூன்று மணி நேரம் ரசித்து ரசித்துக் குடிப்பார். பிறகு ஏதாவது ஒரு தட்டு வரும். அதை இன்னும் ஐந்து மணி நேரம். சாயங்காலம் ஆறு வரைக்கும் அசைய மாட்டார். நாலு நாற்காலி போட்ட மேசை அது. கடையிலேயே நல்ல மேசை.

"ஒரு ஆளு, நாலு நாற்காலி, ஒரு சூப்பு. இப்படி இருந்தா கடை எப்படி உருப்படும்?" என்று மேனேஜர் தினமும் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தார்.

கேட்காமல் என்ன செய்வார், பாவம். மூன்று மாதம் சோதனை முறையில் வேலைக்குச் சேர்ந்தவர். அதில் இரண்டு மாதமும் மூன்று வாரமும் ஓடிவிட்டன. கடையில் காலையில் காபி, ஆம்லெட், மத்தியானம் சாப்பாடு, பொழுது சாய்ந்தால் பின்பக்கத்து பாரில் விளக்கு எரியும். உத்தரத்திலிருந்து தொங்கும் பல்புகள், சுவரெல்லாம் செடி, ஒன்றோடொன்று சேராத நாற்காலிகள். அதுதான் ஸ்டைல் என்று நாற்காலிகளை விற்றவன் சொல்லியிருந்தான். இவ்வளவு இருந்தும் பாதி மேசை காலி. முதலாளியம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: "மூணு மாசம். கடை நிரம்பினா வேலை நிரந்தரம். இல்லன்னா நல்லபடியா கைகுலுக்கிப் பிரிஞ்சிடுவோம்."

பிரிந்தால் போக இடமில்லை. மேனேஜரும் அவர் மனைவியும் இப்போது இருப்பது மச்சான் வீட்டு முன்னறையில். ராத்திரி செருப்பைக் கழற்றும்போதே மச்சான் சோபாவிலிருந்து கேட்பான்: "என்ன மாப்பிள்ளை, இன்னைக்காவது நாலு பேர் வந்தாங்களா?" இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார்கள். இரண்டு அறை, நல்ல வெளிச்சம். தையல் மெஷினை எந்தப் பக்கம் போடுவது என்றுகூட மனைவி முடிவு செய்துவிட்டாள். வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வேலை நிரந்தரம் என்று ஒரு கடிதம்.

அந்தக் கவலையில் மேனேஜருக்கு வயிறே மூடிக்கொண்டது. சாப்பாட்டுக் கடையில் பதினான்கு மணி நேரம் நின்றுவிட்டுப் பட்டினியாக வீட்டுக்குப் போகிற ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

இப்போது ஜன்னல்காரர் பலகையைப் பார்த்தார். நின்றார். மேனேஜர் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

ஜன்னல்காரரின் முகம் மலர்ந்தது. "எனக்கா சார்? மூணு வருஷத்துல எனக்குன்னு பலகை வச்ச முதல் மேனேஜர் நீங்கதான்!"

பலகையைக் கைக்குட்டையால் துடைத்து, தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு, முன்னைவிட நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே நேரம் கதவில் கை வைத்த இரண்டு ஆபீஸ் பெண்கள் பலகையைப் படித்தார்கள்.

"ஐயோ, முன்னாடியே சொல்லி வைக்கணும் போலிருக்குடி. வா, வேற எங்கயாவது போலாம்."

கதவு மூடிக்கொண்டது. பரிமாறுகிற நெட்டை, மேனேஜரின் காதருகே குனிந்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் என்பதால் அவன் யாரிடம் பேசினாலும் குனிந்துதான் ஆகவேண்டும்.

"போச்சு சார். ரெண்டு ஆம்லெட் போச்சு."

"ஏம்ப்பா, நேராப் போய் எழுந்திரிங்கன்னு சொல்லிடலாமா?"

"விளையாடுறீங்களா சார்? அவர் முதலாளியம்மாவுக்குத் தாய்மாமன்!"

"யார் சொன்னா?"

"செஃப் சொன்னார். அவர் எது கேட்டாலும் குடுங்க, காசு கேட்காதீங்கன்னு அம்மாவோட உத்தரவு. மாமன் இல்லாம பின்ன யாரு?"

மேனேஜர் யோசித்தார். தாய்மாமனை எழுப்பிவிட்டால் வேலை போகும். எழுப்பாவிட்டால் கடை நிரம்பாது, அப்போதும் வேலை போகும். ஆக, அவரே தானாக எழுந்து போக வேண்டும். நாம் எழுப்பியதாகவும் இருக்கக் கூடாது. இப்படி ஒரு முடிவுக்கு வந்ததும் மேனேஜருக்குத் தன் மூளையை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

மறுநாள் ஏணி போட்டு ஏறி, ஏசி காற்று நேராக ஜன்னல் மேசையில் விழுகிற மாதிரி திருப்பி வைத்தார். ஜன்னல்காரர் ஒரு மணி நேரம் நடுங்கினார். பிறகு எழுந்தார். மேனேஜர் கண்ணை மூடி நன்றி சொன்னார். கண்ணைத் திறந்தபோது, ஜன்னல்காரர் வீட்டுக்குப் போய் ஒரு கம்பளி ஸ்வெட்டரோடு திரும்பி வந்திருந்தார்.

"சூப்புக்கு இதுதான் சார் பொருத்தம். ஆவி பறக்கிறது வெளியில இருந்து பாக்கிறவங்களுக்கு அழகாத் தெரியும்," என்றார். பாராட்டை எதிர்பார்க்கிற மாதிரி மேனேஜரைப் பார்க்கவும் செய்தார்.

அவர் போட்ட ஸ்வெட்டர் பக்கத்து மேசைக்காரர்களிடம் இல்லை. ஒரு வக்கீல் தும்மினார். அவர் எதிரே இருந்த கட்சிக்காரரும் தும்மினார். கேஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே இரண்டு பேரும் எழுந்து போனார்கள்.

மேனேஜர் சமையலறைப் பக்கம் வந்து பெருமூச்சு விட்டார். தொட்டியில் தட்டு தேய்த்துக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தாள். கடை திறந்த நாளிலிருந்து இருக்கிறவள் அவள்.

"சார், அந்த ஜன்னல்காரர் விஷயமா ஒண்ணு சொல்லட்டுமா?"

"அக்கா, நீங்களும் ஆரம்பிக்காதீங்க. எனக்குத் தெரியும், தாய்மாமன். இப்ப நேரமில்ல."

அக்கா தோளைக் குலுக்கிவிட்டுத் தட்டைத் தேய்த்தாள்.

மூன்றாம் நாள், நாற்காலி. ஸ்டோர் ரூமில் கால் ஆடுகிற நாற்காலி ஒன்று கிடந்தது. அதைக் கொண்டுவந்து ஜன்னல் மேசையில் போட்டார். ஜன்னல்காரர் அதில் உட்கார்ந்தார், ஆடினார், சிரித்தார், மெதுவாக ஆடிக்கொண்டே சூப்பைக் குடித்தார். தெருவில் போன ஒரு குழந்தை கைதட்டியது. அதற்கு மேல் தாங்காமல் மேனேஜர் வெளியே போய் நாலு எட்டு நடந்துவிட்டு வந்தார். அந்த இடைவெளியில் நெட்டை, "உங்களுக்கு யாரு சார் இதைப் போட்டது?" என்று பதறி, நாற்காலியை மாற்றிவிட்டான். மாற்றியதை எங்கே வைத்தான்? ஆறாம் நம்பர் மேசையில். ஆறாம் நம்பரில் ஒரு போட்டோகிராபர் வந்து உட்கார்ந்தார். கனமான மனிதர். கழுத்தில் கேமரா, கையில் தக்காளி சூப்பு.

விழுந்த சத்தம் தெருவுக்கே கேட்டது. போகும்போது அவர் கடையின் முகப்பை நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். எதற்கு என்று கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

"விடுங்க சார், ஊதுற சங்கை ஊதிட்டோம்," என்றான் நெட்டை.

"இன்னும் ஊதல," என்றார் மேனேஜர் பல்லைக் கடித்து.

நாலாம் நாள் அரை மணிக்கு ஒரு தடவை பில்லை நீட்டினார். காசு வாங்கக் கூடாது, சரி. பில் நீட்டக் கூடாது என்று எந்த உத்தரவும் இல்லையே? மானமுள்ள மனுஷன் இரண்டாவது பில்லிலேயே எழுந்துவிடுவான். ஜன்னல்காரர் எழவில்லை. ஒவ்வொரு பில்லையும் வாங்கி, கையெழுத்துப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரமும் எழுதி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"இப்படி ஒழுங்கா செஞ்சாத்தான் சார் நல்லது. இதுக்கு முன்னாடி இருந்தவங்க கண்டுக்கவே மாட்டாங்க," என்றார்.

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. பதினாறு கையெழுத்துகளையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மச்சான் சோபாவிலிருந்து, "என்ன மாப்பிள்ளை..." என்று ஆரம்பித்தான். மேனேஜர் நேராக முன்னறைக்குப் போய்ப் படுத்துவிட்டார். மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

"பசிக்கல."

"வேலை போனா போகட்டும். நீங்க ஒழுங்கா சாப்பிட்டா எனக்கு அதுவே போதும்."

அப்படிச் சொன்னவள்தான், விளக்கை அணைத்த பிறகு, "அந்த வீட்டுல சமையலறை ஜன்னல் கிழக்கே பாத்து இருக்குங்க," என்று மெல்லச் சொன்னாள்.

மறுநாள் காலை முதலாளியம்மாவிடமிருந்து போன் வந்தது. "சாயங்காலம் ஏழு மணிக்கு வர்றேன். கடை எப்படி இருக்குன்னு என் கண்ணால பாத்துட்டு உங்க விஷயத்தை முடிச்சிடலாம்."

முடிச்சிடலாம் என்ற சொல் மேனேஜரின் காதில் நாள் முழுக்கச் சுற்றியது. ஆனது ஆகட்டும் என்று சாயங்காலம் நாலு மணிக்கு ஜன்னல் மேசைக்குப் போய், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஐயா, சுத்தி வளைக்காம சொல்லிடறேன். என் வேலை உங்க கையில இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் இந்த மேசையை விட்டுக் குடுங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்."

ஜன்னல்காரர் ஸ்பூனைக் கீழே வைத்தார். "ஐயையோ, என்ன சார் இது! கிளம்புன்னு ஒரு வார்த்தை சொன்னா கிளம்பிட்டுப் போறேன். நீங்க மேனேஜர். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"முதல் நாளே சொல்லியிருக்கலாமா?"

"பின்ன? ஆனா அம்மா கேட்டா, நீங்கதான் அனுப்பினீங்கன்னு சொல்லிடுங்க. எனக்குப் பேர் கெட்டுடக் கூடாது."

சொல்லிவிட்டு எழுந்து, ஸ்வெட்டரை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார். நாலு நாற்காலியும் காலி. மேனேஜர் மேசையை ஆசையோடு தடவிப் பார்த்தார். நெட்டை இரண்டு தடவை கைதட்டினான்.

கைதட்டின நேரம் நல்ல நேரமில்லை.

நாலரைக்கு ஒரு ஜோடி கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தது. காலி மேசையைப் பார்த்தது. நகர்ந்துவிட்டது. நாலே முக்காலுக்கு மூன்று பேர் பார்த்தார்கள். "யாருமே இல்லையேப்பா, நல்லா இருக்காது போல," என்றான் ஒருத்தன், கதவுக்கு வெளியே, நன்றாகக் கேட்கும்படி. ஐந்தரைக்கு உள்ளே இருந்த கடைசி இரண்டு பேரும் சுற்றுமுற்றும் பார்த்து, ஏதோ தப்பு செய்தவர்கள் மாதிரி அவசரமாகக் கிளம்பினார்கள். ஆறு மணிக்கு அவ்வளவு பெரிய கடையில் செடிகளும் பல்புகளும்தான் மிச்சம். செஃப் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாரில் இருந்த பெண் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்புவதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே பூதத்தை விரட்டியதும் கிணறே வற்றிவிட்டது.

"சார், இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு," என்றான் நெட்டை.

"அவர் வீடு எங்க? ஓடிப் போய்க் கூட்டிட்டு வா!"

"யாருக்குத் தெரியும் சார்?"

மேனேஜர் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். அங்கே கூட்டத்துக்குக் குறைச்சலே இல்லை. வேலை முடிந்து வருகிறவர்கள் எல்லோரும் இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். பார்த்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான். யாராவது ஒருத்தர் உட்கார்ந்திருந்தால் போதும். யார் உட்காருவது? நெட்டை உட்கார்ந்தால் பரிமாற ஆளில்லை. செஃப் உட்கார்ந்தால் சமைக்க ஆளில்லை.

மேனேஜர் டையைக் கழற்றிப் பையில் திணித்தார். ஜன்னல் மேசையில் உட்கார்ந்தார். "செஃப், ஏதாவது கொண்டாங்க. ஆவி பறக்கணும்!"

வறுத்த கோழியும், வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கும், சுடச்சுட ரொட்டியும் வந்தன. மேனேஜர் தெருவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். வெளியே ஒரு குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டது. அம்மா அதை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

"சார், சிரிக்காதீங்க சார், பயமா இருக்கு," என்று நெட்டை கெஞ்சினான். "சும்மா சாப்பிடுங்க. அது போதும்."

சாப்பிட்டார். முதல் வாய் உள்ளே போகும்போது அது வெறும் கடமைதான். இரண்டாவது வாயில் நாக்குக்கு உயிர் வந்தது. எத்தனை நாளாகிவிட்டது! மூன்று மாதப் பசியும் ஒன்றாகத் திரண்டு எழுந்து வந்தது. கோழியைக் கையில் எடுத்தார். ரொட்டியைப் பிய்த்து, தட்டிலிருந்த சாற்றில் முக்கி, கண்ணை மூடி மென்றார். மீசையில் வெண்ணெய் ஒட்டியது. மச்சானை மறந்தார், வீட்டுக்காரரை மறந்தார், முதலாளியம்மாவையே மறந்துபோனார். "அடடா, செஃப்!" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்று மாதமாக இந்தக் கடையின் சாப்பாட்டை விற்கிறார். அது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

கதவு திறந்தது. ஒரு ஜோடி. "அவர் சாப்பிடறாரே, அதையே எங்களுக்கும் குடுங்க."

மறுபடியும் திறந்தது. மூன்று பேர். அப்புறம் ஆபீஸ் கூட்டம் ஒன்று, எட்டுப் பேர். மேனேஜர் இரண்டாவது தட்டு கேட்டார். நாடகம் எல்லாம் இல்லை, நிஜமாகவே பசி. ஒரு குடும்பம் ஆறாம் நம்பரில் உட்கார்ந்தது. பாரில் இருந்த பெண்ணுக்கு நகம் பார்க்க நேரமில்லை. நெட்டை குனிய நேரமில்லாமல் நிமிர்ந்தபடியே ஓடினான். ஏழு மணிக்கு, உட்கார நாற்காலி இல்லாமல் கால் ஆடுகிற நாற்காலியைக்கூட எடுத்து வந்து, அட்டை மடித்துக் கொடுத்துப் போட வேண்டியதாயிற்று.

கோழிக் காலைக் கடித்தபடி மேனேஜர் நிமிர்ந்து பார்த்தபோது, எதிரே முதலாளியம்மா நின்றிருந்தார்.

வேலை நேரத்தில், டை இல்லாமல், கடையின் நல்ல மேசையில் உட்கார்ந்து, மீசையில் வெண்ணெயோடு கடைச் சாப்பாட்டை மொக்குகிற மேனேஜரை எந்த முதலாளிதான் விட்டுவைப்பாள்? வாய் நிறைய இருந்ததால் மன்னிப்புகூடக் கேட்க முடியவில்லை. எழுந்திருக்கப் போனார்.

"உக்காருங்க! எழுந்திரிக்காதீங்க!" என்றார் முதலாளியம்மா. கடையைச் சுற்றி ஒரு பார்வை. கதவுக்கு வெளியே காத்திருந்தவர்களை ஒரு பார்வை. "இங்க உக்காந்திருப்பாரே, அவர் எங்க?"

"நான்தான்... நான்தான் மேடம் போகச் சொன்னேன். அவர் மேல எந்தத் தப்பும் இல்ல."

"நல்ல காரியம் பண்ணீங்க."

மேனேஜர் விழித்தார்.

"கால் மணி நேரமா எதிர்ப்பக்கம் நின்னு உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கே பசி எடுத்துடுச்சு! உங்க வேலை நிரந்தரம். நாளைக்கே லெட்டர் தர்றேன்."

"மேடம்!"

"இனிமே விடியக்காலம் ஓடி வர வேண்டாம். பத்து மணிக்கு வந்தா போதும். இந்த டை எல்லாம் வேண்டாம், நல்லதா நாலு சட்டை தைச்சுக்குங்க. ஓடியாடி உடம்பைக் கெடுத்துக்காதீங்க. சாவிக்கொத்தை மட்டும் என்கிட்ட குடுத்துடுங்க."

மேனேஜர் சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்தார். எவ்வளவு பெரிய மனசு! சாவி தூக்குகிற பாரம்கூடத் தனக்கு வேண்டாம் என்று நினைக்கிறாரே! முதலாளியம்மா சிரித்துக்கொண்டே செஃப்பைப் பார்க்க உள்ளே போனார். மேனேஜர் உட்கார்ந்த இடத்திலிருந்தே மனைவிக்குப் போன் போட்டார்.

"நிரந்தரம்! லெட்டர் நாளைக்கு! வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடு!"

அந்தப் பக்கம் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அண்ணே, கேட்டியாண்ணே!" என்று கத்தியது மட்டும் கேட்டது. பின்னால் சோபா கிறீச்சிட மச்சான் எழுந்து, "மாப்பிள்ளைன்னா மாப்பிள்ளைதான்!" என்றதும் கேட்டது. அவர்கள் வீட்டில் அவன் சோபாவிலிருந்து எழுந்ததே பெரிய விஷயம். மேனேஜருக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு அறை, நல்ல வெளிச்சம், கிழக்கே பார்த்த ஜன்னல்.

தட்டு எடுக்க ஆள் போதாமல் அன்றைக்கு அக்காவே வெளியே வந்திருந்தாள். மேனேஜரின் மூன்று தட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"அக்கா, எனக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு!"

"கேட்டேன் சார், ரொம்ப சந்தோஷம்," என்றாள் அக்கா. "கடையில கூட்டம் இருக்கிற மாதிரி தெரியணும்னு சம்பளத்துக்கு இந்த ஜன்னல்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்த அந்த மனுஷன், 'இந்த வேலைக்கு வேற ஆளைப் புடிங்க, நான் மேனேஜரா வர்றேன்'னு மூணு வருஷமா அம்மாகிட்ட கெஞ்சிக்கிட்டிருந்தார், நல்லவேளை, நீங்க கிடைச்சீங்க!"